மூன்றாவது மஞ்சள் வயர்

என் மாமா ஒரே பாவத்தைப் பதினொரு குருக்களிடம் சொல்லிப் பாவமன்னிப்புப் பெற்றவர். எங்கள் கோயிலுக்கு மாற்றலாகி வந்து போன குருக்கள் ஐந்து பேர். மற்ற ஆறு பேர், வேலைக்குப் போன பக்கங்களில் வழியில் தென்பட்ட கோயில்களில் இருந்தவர்கள். ஒவ்வொரு முறையும் முழங்காலிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார். மன்னிப்பு கிடைக்கும். வாசற்படி இறங்குவதற்குள் அது தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடவுள் தன்னை மன்னித்தாரா இல்லையா என்பது ஒன்றைத்தான் இருபத்திரண்டு வருடமாக அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். வேறு எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பழைய பங்குச்சாமி ஒருமுறை பொறுமை இழந்துவிட்டாராம். "போன மாசம்தானே இதைக் கழுவி அனுப்புனேன்? திரும்பவும் கொண்டாந்து போடுறீங்க. சாயம் போற துணியாய்யா இது?"

இதை மாமாவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். மற்ற எல்லாவற்றையும் சொன்னபோது சிரிக்கவில்லை. அவர் முன்னும் பின்னுமாகச் சொன்னதை, நடந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். என் அப்பாவின் அக்காள் கணவர். அப்பாவும் அதே நிறுவனத்தில் அதே வேலை, மாமாதான் சேர்த்துவிட்டார். இருவருக்கும் ஆளுக்கு இருபது கட்டடம். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் மெஷின் ரூம் என்று ஒன்று உண்டு. கிரீஸ் வாடை, புறா எச்சம், தொடர்ந்து ரீங்காரம் போடும் ஒரு மோட்டார், சுவரில் ஆணியில் தொங்கும் ஓர் அட்டை. சோதனை முடிந்ததும் அந்த அட்டையில் தேதி போட்டு, என்ன நிலை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் அரைப்பக்கம் எழுதுவார்கள். மாமா எழுதுவது ஒரே சொல்: சரி. அதனால் பட்டறையில் அவருக்குப் பெயர் சரியண்ணன். ஆனால் சரியாக இல்லாத ஒன்றுக்கு அவர் அந்தச் சொல்லை எழுதியதே இல்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

அப்பாவுக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். திருகாணியைக்கூட எண்ணி எடுத்து எண்ணி வைப்பவர்.

வீட்டிலும் மாமா ஒரு விதி வைத்திருந்தார். "கதவு திறந்தா லிஃப்ட் வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. கண்ணால பாரு. அப்புறம் கால வை." அத்தை இன்றும் எந்த லிஃப்ட் வாசலிலும் ஒரு நொடி நின்று, குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அத்தை கண்டுகொள்ள மாட்டார்.

ஜம்பர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு முழ நீள வயர், இரண்டு முனையிலும் கிளிப். லிஃப்டின் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு இருக்கும். பூட்டு சரியாக விழுந்தால்தான் கரன்ட் போகும், மெஷின் ஓடும். பூட்டில் கோளாறு என்றால் லிஃப்ட் அப்படியே நின்றுவிடும். மெக்கானிக் சோதித்துப் பார்ப்பதற்காக அந்தப் பூட்டின் இரண்டு திருகுகளையும் ஜம்பரால் இணைப்பார். அப்போது கதவு பூட்டவில்லை என்றாலும் பூட்டியிருப்பதாக மெஷின் நம்பும். மாமாவின் வார்த்தையில் சொன்னால், "மெஷின்கிட்ட ஒரு பொய் சொல்றோம். அஞ்சு நிமிஷப் பொய். வேலை முடிஞ்சதும் வாபஸ் வாங்கிடணும்."

அப்பாவிடம் மூன்று ஜம்பர்கள் இருந்தன. மூன்றும் மஞ்சள். கட்டடத்துக்குள் நுழையும்போது மூன்று, வெளியே வரும்போது மூன்று. எண்ணாமல் பையை மூட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எனக்கு ஒன்றரை வயது. மாமாவின் ஜம்பர் முனை கருகிப்போயிருந்தது. கிளம்பும்போது, செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே தொங்கிய அப்பாவின் பையிலிருந்து ஒரு மஞ்சள் வயரை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அப்பா உள்ளே என்னைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் குழந்தை விழித்துக்கொள்ளும். நாளை பட்டறையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மாமா நினைத்தார்.

மறுநாள் அப்பாவைப் பட்டறையில் பார்க்க முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு மாமாவுக்கு ஒரு போன் வந்தது. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாட்ச்மேன். அது அப்பாவின் பொறுப்பில் இருந்த கட்டடம். ஆனால் அப்பா அன்று பையைத் திறக்க வேலையில்லாமல் ஊரின் மறுகோடியில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தார், மாமா இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

"அண்ணே, லிஃப்ட் நின்னுபோச்சு. ஆபீஸ் விடுற நேரம். அத்தனை பேரும் படியிறங்கி வந்தா என்னைத்தாண்ணே மென்னு துப்புவாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

மாமா போனார். நான்காம் மாடிப் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. மாற்ற வேண்டிய பூட்டு பட்டறையில்தான் இருந்தது. ஒரே இரவுதானே என்று நினைத்தார். மெஷின் ரூம் பேனலில், அந்தப் பூட்டுக்குரிய இரண்டு திருகுகளுக்கு நடுவே மஞ்சள் வயரைப் போட்டார். லிஃப்ட் ஓடியது.

அட்டையில் எழுதப் பேனாவை எடுத்தார். சரி என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் சரியாக இல்லை. நாளைக் காலை பூட்டை மாற்றிவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அப்படியாக, அவர் அங்கே வந்ததற்கு எந்தத் தடயமும் இல்லாமல் போனது. நான்காம் மாடிக் கதவில் மாட்ட வேண்டிய எச்சரிக்கை அட்டை வண்டியில் இருந்தது. எடுத்துவரலாம் என்று கீழே இறங்கினார். அதற்குள் வேறொரு கட்டடத்தில் இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டதாகப் போன். நேரே அங்கே போய்விட்டார். அட்டையை மறந்துவிட்டார். அது உண்மையான மறதிதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால், வாட்ச்மேன் மாடி மாடியாக விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். நான்காம் மாடியில் லிஃப்ட் கதவை இழுத்தார். திறந்தது. லிஃப்ட் தரைத்தளத்தில் இருந்தது.

மாமா புதுப் பூட்டோடு வந்தபோது மணி ஏழே முக்கால். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டி, சட்டைப்பையில். வாசலில் கூட்டம். அவர் வந்து போனதை அறிந்திருந்த ஒரே மனிதரை அப்போதுதான் மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நிறுவனத்திலிருந்து அதிகாரி வந்து பேனலைத் திறந்தார். மஞ்சள் வயர் இருந்தது. அட்டையில் கடைசிக் கையெழுத்து சனிக்கிழமை தேதியில், அப்பாவுடையது. அப்பா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சனிக்கிழமை ஜம்பர் போட்டியா?"

"போட்டேன் சார். எடுத்துட்டேனே."

"எத்தனை வச்சிருக்க?"

"மூணு சார்."

"எண்ணு."

அப்பா தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். எடுத்து வைத்தார். மறுபடி பைக்குள் கைவிட்டுத் துழாவினார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"ரெண்டு இருக்கு சார்." பிறகு, யாரிடம் என்றில்லாமல், "எண்ணிட்டுத்தான் மூடினேன். மூடினேன்னுதான் நினைச்சேன்."

மாமா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் அட்டைப்பெட்டி இருந்தது.

சொல்ல வாயெடுத்ததாகத்தான் அவர் சொல்கிறார். கூட்டம் கலையட்டும் என்று நினைத்தார். பிறகு காவல் நிலையம். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தார். சாயங்காலம் ஒரு வக்கீல் வந்து, ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா ஒப்புக்கொண்டார். அவர் மனதார நம்பியதைத்தான் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு சொல்வது ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கடினமாக இருந்தது. மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்பாவுக்கு ஒரு பிள்ளைதான். அந்தக் கணக்கு எப்படியோ அவருக்குச் சரியாக வந்துவிட்டது.

அப்பா பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது லைசென்ஸ் இல்லை. காகிதக் கிடங்கு ஒன்றில் கட்டுச் சுமக்கப் போனார். எண்ணுகிற பழக்கம் போகவில்லை, எண்ணியதை நம்புகிற பழக்கம்தான் போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். அடுப்பை மூடினோமா என்று.

"மூடியாச்சுங்க. நான் பார்த்தேன்" என்பார் அம்மா.

"நீ பார்த்தது சரிம்மா. நான் பார்த்ததைத்தான் நம்ப முடியல."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்பா வாட்ச்மேனின் மனைவியைப் பார்க்கப் போவார். அந்த அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைத்தார். முதல் வருடம் கதவைத் திறக்கவே இல்லை. அப்பா வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். இரண்டாம் வருடம் கதவு திறந்தது, "எதுக்கு வர்ற? செத்துட்டாரான்னு பார்க்கவா? செத்துட்டாரு, போ" என்று சொல்வதற்காக. அடுத்த வாரமும் அப்பா போனார். நான்காம் வருடம் உள்ளே உட்காரச் சொன்னார். அப்பா நூல்கண்டுகளை நிறம் பிரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு அதிகம் இருக்காது. ஆறாம் வருடம் ஒருநாள் அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போதும்ப்பா. நான் மன்னிச்சிட்டேன். நெஜமாத்தான் சொல்றேன். இனிமே இங்க வந்து அழாத, தைக்கிற துணியில கறை படுது."

அன்று அப்பா வீட்டுக்கு வந்து படுத்துப் பத்து மணி நேரம் தூங்கினார். அம்மா பயந்துபோய் இரண்டு முறை மூச்சைப் பார்த்தாராம்.

மாமா மறுநாள் எங்கள் வீட்டுக் குழாயைச் சரிபார்க்க வந்தார். எங்கள் வீட்டில் பழுது என்று எதுவும் இரண்டு நாள் இருந்ததில்லை. குழாய், ஃபேன், கதவுக் கீல், ஒழுகும் கூரை, எல்லாவற்றுக்கும் கூப்பிடாமலே வந்துவிடுவார். "உன் மாமாவைப் போல ஒரு மனுஷன் கிடைக்கணுமே" என்று அம்மா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். அப்பா அவரிடம், "அத்தான், அந்தம்மா குடுத்துட்டாங்க" என்றார். எதை என்று மாமா கேட்கவில்லை. அவர் கையில் டீ டம்ளர் இருந்தது. அதை வைக்க இடம் தேடினார். மேஜை அவர் முன்னாலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் கோயில் கோயிலாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது அதிகமானது. சொன்ன வாக்கியம் ஒன்றே: "எச்சரிக்கை அட்டை மாட்ட மறந்துட்டேன் சாமி. ஒரு ஆள் செத்துட்டாரு." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குருக்கள் ஆறுதல் சொல்வார்கள், வேண்டுமென்று செய்யவில்லையே என்பார்கள், கையை உயர்த்தி மன்னிப்புக் கொடுப்பார்கள். பொறாமை என்ற சொல்லை அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிய அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு என்ன ஆகும் என்று ஒருமுறை சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

காகிதத் தூசி அப்பாவின் நுரையீரலை அரித்துவிட்டது. போன வருடம் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். மாமா அந்தப் பழைய அட்டைப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனார். அப்பா முந்திக்கொண்டார்.

"அத்தான், எனக்குப் பயமே இல்ல தெரியுமா?" இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. "ஜெயில்ல ஒருநாள், ஆண்டவரே நான்தான், வேற யாருமில்ல, நான்தான்னு சொன்னேன். அன்னைக்கே மன்னிச்சிட்டாரு அத்தான். எனக்கே தெரிஞ்சுது. அந்தம்மா பின்னாலதான்." கொஞ்சம் பொறுத்து, "அந்த ஒரு வயரை நான் எடுத்திருந்தேன்னு வைங்க, சாமி யாருன்னே தெரியாமப் போயிருப்பேன்."

மாமாவின் கை சட்டைப்பைக்குள் இருந்தது. வெறுங்கையாக வெளியே வந்தது.

இப்போது சொன்னால் இவன் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்ததாக மாமா சொன்னார். அது இரக்கமா, இருபத்தோரு வருடக் கோழைத்தனத்தின் கடைசித் துண்டா என்று அவருக்கே தெரியவில்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் அப்பா இறந்தார். தலைமாட்டில் மாமா இருந்தார்.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் கோயிலுக்குப் புதிய குரு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஹெல்மெட்டைப் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காரும் கூண்டின் கொக்கியிலேயே மாட்டி வைப்பவர். மாமா அவரிடமும் போய் வாக்கியத்தைச் சொன்னார்.

"மறந்தது பாவமில்லையே ஐயா" என்றார் அவர். "மறதிக்காக ஒருதரம் மன்னிப்புக் கேக்கலாம். நீங்க இருபத்திரண்டு வருஷமா கேக்குறேன்னு சொல்றீங்க. வேற என்ன இருக்கு?"

மாமா எழுந்தார். மன்னிப்பு வாங்காமல் அங்கிருந்து வந்தது அதுதான் முதல் முறை.

நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தார். கையில் கருவிப்பை இல்லாமல் அவரைப் பார்த்தது எனக்கு விநோதமாக இருந்தது.

"ஒரு லெட்டர் எழுதணும்மா. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு. நீ ரெண்டு பாஷை படிச்சவ. நான் தமிழ்ல சொல்றேன், நீ ஆபீஸ் பாஷையில மாத்திக் குடு."

முதலில் தமிழிலேயே எழுதிக்கொண்டேன். தேதி, கட்டடம், திங்கட்கிழமை நான்கு மணி, போன். தேதியைக் கேட்டதும் தலைநிமிர்ந்து பார்த்தேன். வாட்ச்மேன் விழுந்த தேதி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா சொன்னது அந்தச் செவ்வாய்க்கிழமை அல்ல, அதற்கு முந்தைய நாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். பூட்டு, ஜம்பர். "அட்டை மாட்ட மறந்துட்டேன். எழுதிட்டியா? அப்புறம், அந்த வயரைப் போட்டது நான்தான்னு சொல்ல மறந்துட்டேன்."

நான் நிறுத்தினேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் மொழிபெயர்க்கப் பார்த்தேன். வரவில்லை. அந்த மொழியில் மறப்பதற்கும் மறைப்பதற்கும் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாதவை. ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றில் தடுக்கி விழ முடியாது. தமிழில் மட்டும்தான் இரண்டும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

"மறந்தீங்களா மாமா? மறைச்சீங்களா?"

அவர் நான் எழுதியிருந்த காகிதத்தைப் பார்த்தார். வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது" என்றார்.

"யாரோட வயர்?"

"உங்கப்பாவோடது. ஞாயித்துக்கிழமை பையில இருந்து எடுத்தேன். அவன்கிட்ட சொல்லல."

பேனாவின் மூடியை மூடினேன். மறுபடி திறந்தேன். அலமாரியின் மேல் இருந்த அப்பாவின் பையை இறக்கி மேஜையில் வைத்தேன். அதை யாரும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மாமா திறந்தார். மஞ்சள் வயர்கள் இரண்டும் சுருட்டி நூலால் கட்டியிருந்தன. தொடாமல் எண்ணினார், உதடு மட்டும் அசைந்தது. பிறகு தன் சட்டைப்பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிரிக்காத பூட்டு.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு நன்றியோடு இருந்தேன். நான் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. டீ போடவும் இல்லை. கடிதத்தை எழுதி முடித்தேன். அவர் சொன்ன இரண்டாவது சொல்லைத்தான் போட்டேன்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"இல்ல."

"முதல்ல அங்க சொல்லுங்க. லெட்டர் எங்கயும் ஓடிடாது."

அத்தை அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாராம். மாமா நின்றுகொண்டே சொன்னார். அத்தை கடைசிவரை மடிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என் தம்பி உயிர் போறப்ப அவன் தலைமாட்டுல உக்காந்திருந்தது நீங்கதானே?"

"ஆமா."

அதற்குப் பிறகு அவர் மாமாவிடம் பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மேஜையில் இருக்கும். துணி துவைத்து வைத்திருக்கும். நாற்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவிடம் நான் சொன்னேன். அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா சரிசெய்த குழாய் அது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு மாமா வாட்ச்மேனின் மனைவியிடம் போனார். அந்த அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியை நூலால் காதோடு கட்டியிருந்தார். முழுவதும் கேட்டார்.

"ஆறு வருஷம் அந்தத் தம்பி இந்த வாசல்ல நின்னுச்சு" என்றார். "என்கிட்ட இருந்தது ஒரு மன்னிப்பு. அதைச் சம்பாதிக்க நான் என்ன பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. அதை அந்தத் தம்பிக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ணு என்கிட்ட இல்லைங்க."

மாமா தலையாட்டினார். வாசல் வரை வந்துவிட்டவரை அந்த அம்மா கூப்பிட்டார். ஏதோ மனம் மாறிவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார் மாமா. "கதவைச் சாத்திட்டுப் போங்க, நூல் பறக்குது" என்றாராம்.

அந்த வாரமே மறுபடி புதிய குருவிடம் போனார். இந்த முறை ஒரு வாக்கியம் போதவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"கடவுள் உங்களை மன்னிக்கிறாரு" என்றார் குரு கடைசியில். "அதுல சந்தேகமே வேண்டாம். இத்தனை வருஷமும் அவரு குடுக்கத்தான் நின்னாரு. நீங்கதான் வேற எதையோ நீட்டி, அதுக்குக் குடுங்க, இதுக்குக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. இப்ப வாங்கிக்கோங்க."

பிறகு பரிகாரம் சொன்னார். செபமாலை இல்லை, நோன்பு இல்லை. "கடிதத்தை அனுப்புங்க. அப்புறம் உங்க வீட்டுலயும் உங்க மச்சினன் வீட்டுலயும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா அவங்க குடுத்தாகணும்னு ஆயிடும். அவங்களா பேசுற வரைக்கும் காத்திருங்க. பேசவே இல்லைன்னாலும் காத்திருங்க. உயிர் இருக்கிற வரைக்கும் இதுதான் பரிகாரம்."

மாமா கோயில் வாசலில் இருந்து எனக்குப் போன் செய்தார். "குடுத்துட்டாரும்மா" என்றார். அப்பா சொன்ன அதே சொல்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டேன்.

"கனமா இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "முன்னாடியெல்லாம் வாங்கிட்டு வெளிய வந்தா கையில ஒண்ணுமே இருக்காது. இது இருக்குது. தூக்க முடியல, ஆனா இருக்குது."

கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். மேற்படிக் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது; தண்டிக்கப்பட்டவர் இறந்துவிட்டார்; கோப்பு மூடப்பட்டுவிட்டது; தங்கள் கடிதம் அதனுடன் சேர்த்து வைக்கப்பட்டது; மேல் நடவடிக்கை இல்லை. கீழே ஒரு கையெழுத்து.

மாமா காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அந்த மொழி தெரியாது. "சரின்னு எழுதிட்டாங்க போல" என்றார்.

மேல் கோர்ட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா, வக்கீலைக் கேட்கலாமா என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் பெயர் இன்னும் அந்தக் கோப்பில் அப்படியேதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் அத்தை வழக்கம்போல் இடப்பக்கம் நான்காவது வரிசை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைப்பையும் குடையும். அம்மாவும் நானும் அதற்குப் பின் வரிசையில். மாமா கடைசி வரிசையில். சில மாதமாக அதுதான் அவர் இடம். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார்கள். அத்தை முன்னால் இருந்தவருக்குக் கைகூப்பினார், எங்களுக்குக் கைகூப்பினார். கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

நற்கருணைக்கு மாமா கடைசி ஆளாகப் போனார். உள்ளங்கையை உள்ளங்கைமேல் வைத்து நீட்டினார். கிரீஸ் ஏறிய ரேகைகள், இத்தனை வயதிலும் போகாதவை. வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, பெஞ்சுகளுக்கு நடுவே திரும்பி வந்தார்.

நான்காவது வரிசையை நெருங்கியபோது அத்தை கைப்பையையும் குடையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்பக்கமாக நகர்ந்தார். மாமாவைப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே இருந்தார். அது அவருக்காகச் செய்ததா, குடை வழுக்கிக்கொண்டிருந்ததா என்று பின்னால் இருந்த எனக்குச் சொல்ல முடியாது.

மாமா நின்றுவிட்டார். குனிந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். கதவு திறந்திருப்பது தெரிந்தும் லிஃப்ட் வந்திருக்கிறதா என்று தரையைப் பார்ப்பவர் போல நின்றார். பாடல் ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்கியது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். கேட்கக் கூடாது என்பது பரிகாரம். அவர் கேட்கவில்லை.

பிறகு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அத்தை அதற்குமேல் விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. இருவருக்கும் நடுவே சரியாக ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.